‘கரண்ட்’ பிடிக்கும் அறையும் கதிரை அளப்பவரும்

மஹரகம அபேக்ஷா வைத்தியசாலைக்கோ கண்டிக்கோ போய் வரும் குடும்பங்களிடம் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு ஒன்று உண்டு. “ஸ்கேன் எடுத்து, முகமூடியும் செஞ்சு, தோலில புள்ளியும் வச்சாச்சு. பத்து நாளாகியும் இன்னும் கரண்ட் பிடிக்கத் தொடங்கல்ல. உள்ளுக்குள்ள என்னதான் செய்றாங்களோ தெரியாது.” கதிர்வீச்சுச் சிகிச்சையைத்தான் நமது மக்கள் கரண்ட் பிடிப்பது என்கிறார்கள்.

அந்தத் தாமதத்தில் ஒரு பகுதி உண்மையிலேயே வரிசைதான். நோயாளர் தொகைக்கு ஏற்ற அளவு இயந்திரங்கள் நமது நாட்டில் இல்லை என்பது இரகசியமல்ல. ஆனால் மற்றப் பகுதி வேலையில் கழிகிறது. நோயாளியும் குடும்பமும் பெரும்பாலும் ஒருமுறைகூடச் சந்திக்காத ஒருவர், ஒரு கணினிக்கு முன்னால் அமர்ந்து, அந்த நாட்களில் அந்த ஒரு நோயாளியின் உடம்புக்காகக் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் வைத்தியர் அல்லர். இயந்திரத்தை இயக்கும் ரேடியோகிராபரும் அல்லர். பௌதிகவியல் படித்தவர். அவரை மருத்துவ பௌதிகவியலாளர் என்பார்கள்.

புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பௌதிகவியல் படித்தவர் எதற்கு? சிறிய கணக்கொன்றின் மூலம் இதை விளங்கிக்கொள்ளலாம்.

உடம்பு உறிஞ்சும் கதிரின் அளவை ‘கிறே’ என்ற அலகில் சொல்வார்கள். லூயிஸ் ஹரோல்ட் கிறே என்ற பிரித்தானியப் பௌதிகவியலாளரின் பெயர் அது. ஒரு கிலோகிராம் இழையம் ஒரு யூல் சக்தியை உறிஞ்சினால் அது ஒரு கிறே. வாய்ப் புற்றுநோய்க்கு ஆறு, ஏழு வாரங்களில் கொடுக்கப்படும் மொத்த அளவு 70 கிறே வரை போகும். ஒரு கிலோகிராம் நீரின் வெப்பநிலையை ஒரு பாகை செல்சியஸால் உயர்த்த ஏறக்குறைய 4200 யூல் வேண்டும் என்பது சாதாரண தர மாணவருக்கும் தெரியும். உடம்பின் பெரும்பகுதி நீர்தான். அப்படியானால் 70 கிறே அளவையும் ஒரே தடவையில் கொடுத்தாலும் அந்த இடம் சூடாவது ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு. ஒரு மிடறு தேத்தண்ணி அதைவிடப் பன்மடங்கு சூட்டை வாய்க்குக் கொண்டு போகிறது.

ஆனால் அதே சக்தி கலத்துக்குள் போய் டி.என்.ஏ. இழைகளை உடைக்கிறது. முழு உடம்பிலும் ஒரே நேரத்தில் நான்கு கிறே அளவு பட்டு, மருத்துவ உதவியும் கிடைக்காவிட்டால், அவ்வாறானவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் பிழைக்க மாட்டார்கள். சூடும் இல்லை, சத்தமும் இல்லை, வலியும் இல்லை, மணமும் இல்லை. கூடுதலாகக் கொடுத்தாலும் குறைவாகக் கொடுத்தாலும் அன்றைய தினம் நோயாளிக்குத் தெரியாது, ரேடியோகிராபருக்குத் தெரியாது, வைத்திய நிபுணருக்கும் தெரியாது. தெரிய வாரங்கள், சிலவேளை வருடங்கள் ஆகும். மாத்திரையையாவது கையில் எடுத்து எண்ணிப் பார்க்கலாம். இதை ஒருவர் அளந்து சொன்னால்தான் உண்டு. அந்த ஒருவர்தான் இவர்.

இலங்கை ஆண்களிடையே மிக அதிகமாகக் காணப்படுவது வாய்ப் புற்றுநோய். வெற்றிலை, பாக்கு, புகையிலை, பாபுல் என்று நமது ஊர்களின் கடைத்தெருவிலேயே அதன் காரணம் தொங்குகிறது. அதைப்பற்றித் தனியாகவே எழுத வேண்டும். நாக்கில் புற்றுநோய் வந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். முதலில் அவரது முகத்துக்கு ஒரு முகமூடி செய்கிறார்கள். சுடுநீரில் இளகும் ஒருவகைப் பிளாஸ்டிக் வலையை முகத்தின் மேல் அழுத்திப் பிடித்தால் சில நிமிடங்களில் அதே வடிவில் இறுகிவிடும். ஒவ்வொரு நாளும் தலை அசையாமல் ஒரே இடத்தில் இருப்பதற்காகத்தான் அது. அந்த நிலையிலேயே சி.டி. ஸ்கேன் எடுக்கப்படுகிறது. புற்றுநோய் வைத்திய நிபுணர் அந்தப் படங்களில் கட்டி எங்கே, அது பரவியிருக்கக்கூடிய இடம் எது, எந்த உறுப்பைக் காப்பாற்ற வேண்டும் என்று படம் படமாகக் கோடு வரைகிறார். எவ்வளவு கிறே என்று எழுதிக் கையொப்பமிடுகிறார்.

எழுதிய அளவு கட்டிக்குப் போய்ச் சேர வேண்டும். ஆனால் கட்டிக்குப் பின்னால் கழுத்தெலும்புக்குள் முண்ணாண் ஓடுகிறது. அது ஏறக்குறைய 45 கிறே அளவுக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான எல்லை. அதை வெகுவாகத் தாண்டினால் நோய் குணமாகியும் கை கால் வழங்காமல் போகும் ஆபத்து உண்டு. காதுக்குக் கீழே இரு புறமும் உமிழ்நீர்ச் சுரப்பிகள் இருக்கின்றன. அவற்றுக்குச் சராசரியாக 26 கிறே அளவுக்கு மேல் போனால் உமிழ்நீர் திரும்பிச் சுரப்பது கடினம். வாய் வறண்டுபோன மனிதருக்குச் சோறு இறங்காது. கல்யாண வீட்டில் சஹனைச் சுற்றி எல்லோரும் உண்ணும்போது அவர் ஒவ்வொரு பிடிக்கும் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பார். பிறகு சஹனுக்கு வருவதையே விட்டுவிடுவார். கட்டியில் 70, அதற்குச் சில சென்ரிமீற்றர் தள்ளி 26, பின்னால் 45. கதிரோ நேர்கோட்டில் போவது. உடம்புக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியேறும் வழியில் இருப்பதையெல்லாம் தொட்டுவிட்டுத்தான் போகும்.

இந்தச் சிக்கலை அவிழ்ப்பதுதான் அந்தப் பத்து நாட்களின் வேலை. எத்தனை திசைகளிலிருந்து கதிரை விடுவது, ஒவ்வொரு திசையிலும் வாயில் எந்த வடிவில் திறக்க வேண்டும், எவ்வளவு நேரம் என்று பௌதிகவியலாளர் கணினியில் ஒரு திட்டம் தயாரிக்கிறார். சுரப்பியைக் காப்பாற்றினால் கட்டியின் ஓரம் குறைகிறது. ஓரத்தைச் சரிசெய்தால் முண்ணாணுக்கு ஏறுகிறது. மாற்றி மாற்றிப் பார்த்து, வைத்திய நிபுணரிடம் காட்டி, அவர் திருப்பி அனுப்பினால் மீண்டும் செய்து, அங்கீகரிக்கப்பட்ட பிறகும் வேலை முடிவதில்லை. கணக்கை இன்னொருவர் வேறு வழியில் சரிபார்க்க வேண்டும். சிக்கலான திட்டமென்றால் நோயாளிக்குப் பதிலாக ஒரு பிளாஸ்டிக் உருவத்தையோ அளவிடும் கருவியையோ மேசையில் வைத்து, அதே கதிரை அதற்கு விட்டு, கணினி சொன்னதும் கருவி அளந்ததும் பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். பொருந்தினால்தான் நோயாளியைக் கூப்பிடுவார்கள்.

இயந்திரத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நமது நாட்டில் நீண்டகாலமாகச் சுமையைத் தாங்கியவை கோபால்ட்-60 இயந்திரங்கள். ஈயத்தால் மூடிய தலைப்பகுதிக்குள் ஒரு கதிர்த்தொழிற்பாட்டு மூலம் இருக்கும். திறந்தால் கதிர், மூடினால் இல்லை. கோபால்ட்-60 இன் அரைவாழ்வுக் காலம் 5.27 வருடங்கள். அதாவது புதிதாக மூலம் போட்ட அன்று ஒரு நோயாளிக்கு இரண்டு நிமிடம் போதுமாக இருந்தால், ஐந்தேகால் வருடத்துக்குப் பிறகு அதே அளவுக்கு நான்கு நிமிடம் வேண்டும். மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சதவீதம் குறைந்துகொண்டே வரும் இந்தக் கதிருக்கு ஏற்ப நேர அட்டவணையைத் திருத்திக்கொண்டேயிருப்பது பௌதிகவியலாளரின் பொறுப்பு. “போன முறை வந்தபோது சுருக்கா முடிஞ்சது, இப்ப கனநேரம் வைக்கிறாங்க” என்று சந்தேகப்படும் நோயாளிக்குப் பதில் இதுதான். பழைய மூலமென்றால் ஒரு நாளைக்குப் பார்க்கக்கூடிய நோயாளர் தொகையும் குறைகிறது. வரிசை நீள்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

இப்போது லீனியர் அக்சிலரேட்டர் எனப்படும் நவீன இயந்திரங்களும் வந்துள்ளன. இவற்றில் கதிர் மூலம் எதுவும் இல்லை. இலத்திரன்களை மிகப் பெரும் வேகத்துக்கு முடுக்கி ஒரு தங்குதன் தகட்டில் மோதவிட்டால் எக்ஸ் கதிர் பிறக்கும். மின்சாரத்தை நிறுத்தினால் கதிரும் நின்றுவிடும். (கரண்ட் என்ற சொல் இந்த இயந்திரத்துக்காவது ஓரளவு பொருந்துகிறது.) ஆனால் கோபால்ட் போல் ஒரு விதிப்படி குறைந்து வருவதில்லை, இன்றைக்கும் நாளைக்கும் இடையே சிறு சிறு வித்தியாசம் வரலாம். எனவே காலையில் முதல் நோயாளி படுப்பதற்கு முன்னால் இயந்திரத்தின் கதிரை அளந்து பார்க்கிறார்கள். மூன்று சதவீதத்துக்கு மேல் விலகினால் காரணம் தெரியும்வரை நோயாளியைப் படுக்க வைப்பதில்லை என்பது பொதுவான நடைமுறை.

எதைக்கொண்டு அளக்கிறார்கள்? தண்ணீர்த் தொட்டி ஒன்றுக்குள், பத்து சென்ரிமீற்றர் ஆழத்தில், ஒரு சிறு அயனாக்கல் அறையை வைக்கிறார்கள். அதற்குள் இருப்பது சாதாரணக் காற்று, ஒரு கன சென்ரிமீற்றருக்கும் குறைவு. கதிர் பட்டதும் அந்தக் காற்று அயனாகும். அந்த ஏற்றத்தைச் சேகரித்து அளந்தால் கதிரின் அளவு தெரியும். ஆனால் அந்த அறை வெளிக்காற்றுக்குத் திறந்தது. வெப்பநிலையும் அமுக்கமும் மாறினால் உள்ளே இருக்கும் காற்றின் திணிவும் மாறும். கொழும்பில் கடல்மட்டம். கண்டி ஏறக்குறைய 500 மீற்றர் உயரம். அங்கே காற்றமுக்கம் கொழும்பைவிட ஐந்து, ஆறு சதவீதம் குறைவு. ஆகவே ஒரே கதிருக்கு அதே கருவி கண்டியில் குறைவாகவே காட்டும். உயர்தர மாணவர்கள் மனப்பாடம் செய்யும் வாயுச் சமன்பாட்டால் அதைத் திருத்த வேண்டும். இதில் ஒரு கண்ணியும் இருக்கிறது. வானிலை அறிக்கைகளில் வரும் அமுக்கம் வழமையாகக் கடல்மட்டத்துக்கு மாற்றப்பட்ட பெறுமானம். மலைநாட்டில் ஒருவர் அதை அப்படியே எடுத்துப் போட்டுவிட்டால் இயந்திரம் உண்மையில் கொடுப்பதைவிடக் குறைவாகக் கொடுக்கிறது என்று முடிவுசெய்வார், நேரத்தைக் கூட்டுவார், அடுத்த அளவீடு வரை வரும் ஒவ்வொரு நோயாளிக்கும் ஐந்தாறு சதவீதம் கூடுதலாகப் போகும். ஒரு வைத்தியர் தவறினால் ஒரு நோயாளி பாதிக்கப்படுவார். இங்கே ஒரு எண் தவறினால் அந்த இயந்திரத்தில் படுக்கும் அத்தனை பேரும் பாதிக்கப்படுவார்கள்.

இது வெறும் கற்பனையல்ல. மத்திய அமெரிக்காவில் உள்ள கொஸ்டாரிக்காவின் தலைநகர் சான் ஹோசேயில், சான் ஹுவான் டி டியோஸ் வைத்தியசாலையில், 1996 ஓகஸ்டில் கோபால்ட் மூலம் மாற்றப்பட்டது. புதிய மூலத்தின் வீரியத்தை அளந்தபோது 0.3 நிமிடம் என்பதை 30 செக்கன் என்று எடுத்துவிட்டார்கள். 0.3 நிமிடம் 18 செக்கன். 18 செக்கனில் வந்த கதிரை 30 செக்கனில் வந்ததாகக் கணித்ததால் மூலம் இருப்பதைவிட வீரியம் குறைந்ததாகத் தோன்றியது. அதற்கேற்ப எல்லா நோயாளருக்கும் நேரம் கூட்டப்பட்டது. கண்டுபிடிக்க ஒரு மாதத்துக்கும் மேல் ஆனது. 115 நோயாளர் பாதிக்கப்பட்டனர். கொடுக்கப்பட்ட அளவு பாதிக்கு மேல் கூடியிருந்தது. அதனாலேயே மரணித்தவர்களும் அவர்களுள் இருந்தனர். சர்வதேச அணுசக்தி முகவரகம் நிபுணர்களை அனுப்பி ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கையில் இந்த விபரங்கள் உள்ளன.

ஆசிரியர் என்ற முறையில் இந்தச் சம்பவத்தை வாசித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தவை மாணவர் கொப்பிகள். 0.3 நிமிடத்தை 30 செக்கன் என்று எழுதும் பிள்ளை எல்லா வகுப்பிலும் உண்டு. நாம் ஒரு புள்ளியைக் குறைத்துவிட்டு அடுத்த கொப்பிக்குப் போகிறோம்.

கூடினால் தோல் கருகும், புண் வரும், யாராவது கேட்பார்கள். குறைந்தால்? இங்கிலாந்தின் ஸ்டோக்-ஒன்-ட்ரென்ட் நகரில் 1982 இல் திட்டமிடலுக்குக் கணினி கொண்டுவரப்பட்டது. தூரத்துக்கான ஒரு திருத்தத்தை அதுவரை கையால் செய்து வந்தார்கள். கணினி அந்தத் திருத்தத்தைத் தானாகவே செய்தது. அது தெரியாமல் கையாலும் தொடர்ந்து செய்தார்கள். ஒரே திருத்தம் இரண்டு தடவை. விளைவு, சுமார் ஆயிரம் நோயாளருக்கு வேண்டிய அளவைவிடக் குறைவாகக் கதிர் போனது. சிலருக்கு 30 சதவீதம் வரை குறைவு. 1991 இல்தான் வெளிவந்தது. ஒன்பது வருடங்கள் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஏனென்றால் பக்க விளைவு குறைந்த சிகிச்சையைப் பற்றி எந்த நோயாளியும் முறையிட மாட்டார். பிறகு நோய் திரும்பி வரும். நாமும் ‘கத்ர்’ என்று சொல்லி அமைதியாகிவிடுவோம். கத்ரை நம்புவது ஈமான். அளவீட்டைச் சரிபார்ப்பது அமானிதம். முதலாவதைச் சொல்லி இரண்டாவதைக் கைவிட மார்க்கம் யாருக்கும் அனுமதி தரவில்லை.

இவ்வாறான பாடங்களுக்குப் பிறகு உலகம் சும்மா இருக்கவில்லை. ஒருவர் அளந்ததை மற்றொருவர் சுயாதீனமாக அளக்க வேண்டும் என்பது இன்று அடிப்படை விதி. சர்வதேச அணுசக்தி முகவரகமும் உலக சுகாதார அமைப்பும் 1969 இலிருந்து ஒரு அஞ்சல் பரிசோதனையை நடத்துகின்றன. கதிரைப் பதிவுசெய்யும் சிறு குளிகைகள் தபாலில் வரும். வைத்தியசாலை அவற்றுக்குக் குறிப்பிட்ட அளவு கதிரைக் கொடுத்துத் திருப்பி அனுப்பும். ஒஸ்ரியாவில் உள்ள ஆய்வுகூடத்தில் அளந்து, சொன்ன அளவும் கொடுத்த அளவும் ஐந்து சதவீதத்துக்குள் பொருந்துகின்றனவா என்று பார்ப்பார்கள். நமது நாட்டில் இலங்கை அணுசக்திச் சபையிடம் இந்தக் கருவிகளைத் தரப்படுத்தும் ஆய்வுகூடம் உண்டு. 2014 ஆம் ஆண்டின் 40 ஆம் இலக்க அணுசக்திச் சட்டத்தின் கீழ் தனியான ஒழுங்குபடுத்தும் அமைப்பும் உண்டு.

இனி, நோயாளியும் குடும்பமும் இதிலிருந்து அறிந்துகொள்ள வேண்டிய சில விடயங்கள்.

தோலில் வைக்கும் புள்ளிகளும் கோடுகளும் மில்லிமீற்றர் கணக்கில் வைக்கப்படுபவை. அத்தனை நாள் கணக்கும் அந்தப் புள்ளியில் வந்துதான் நிற்கிறது. வுழூவும் குளிப்பும் கூடாமல் போகுமோ என்ற பயத்தில் சிலர் அதைத் தேய்த்து அழித்துவிடுகிறார்கள். ஊசியால் வைக்கும் நிரந்தரப் புள்ளி பச்சை குத்துவதாகுமோ என்று மறுப்பவர்களும் இருக்கிறார்கள். இந்தத் தயக்கம் நியாயமானதே. ஆனால் அழிப்பதற்கு முன்னால் விடயம் தெரிந்த ஓர் ஆலிமிடம் கேளுங்கள். மருத்துவத் தேவைக்காகச் செய்யப்படுவது என்பதையும் சேர்த்துச் சொல்லிக் கேளுங்கள். தெரியாமல் அழிந்துவிட்டால் வீட்டில் நீங்களே பேனையால் கோடு போடாதீர்கள். அடுத்த நாள் ரேடியோகிராபரிடம் சொல்லுங்கள். சிகிச்சைக் காலத்தில் உடம்பு மெலிந்து முகமூடி தொளதொளவென்று ஆனாலும் அப்படித்தான். வாய் திறந்து சொல்ல வேண்டும். அப்போது மீண்டும் ஸ்கேன் எடுத்துத் திட்டத்தையே மாற்ற வேண்டி வரலாம்.

நாட்களைத் தவறவிடக் கூடாது. 70 கிறே அளவை ஒரேயடியாகக் கொடுக்காமல் நாளுக்கு இரண்டு கிறே என்று பிரிப்பதற்குக் காரணம், நல்ல கலங்கள் இடையில் தங்களைத் திருத்திக்கொள்ள நேரம் கொடுப்பது. நாட்கள் நீண்டால் புற்றுநோய்க் கலங்களும் பெருக நேரம் கிடைக்கிறது. தலை, கழுத்துப் புற்றுநோய்களில் திட்டத்துக்கு மேல் நீளும் ஒவ்வொரு நாளுக்கும் நோய் கட்டுப்படும் வாய்ப்பு ஒரு சதவீதம் அல்லது அதற்குச் சற்றுக் கூடுதலாகக் குறைவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. கல்யாணம், பெருநாள், கத்தம் என்று ஒரு வாரம் ஊருக்குப் போய்விட்டு வருவது இந்தக் கணக்கில் சிறிய விடயமல்ல. றமழானில் நோன்பு பிடித்துக்கொண்டு, சிகிச்சையைப் பெருநாளுக்குப் பிறகு பார்க்கலாம் என்று நிறுத்திவிட்டு வருபவர்களும் உண்டு. நோயாளிக்குப் பிறிதொரு நாளில் நோற்கும் சலுகையை அல்குர்ஆனே கொடுத்திருக்கிறது. நோன்பைக் கழாச் செய்யலாம். தவறிய கதிர் நாட்களை அப்படிக் கழாச் செய்ய முடியாது. தவிர்க்க முடியாமல் ஒரு நாள் தவறினால் உடனே அறிவியுங்கள். அதை எப்படி ஈடுசெய்வது என்று கணக்குப் பார்ப்பதும் பௌதிகவியலாளரின் வேலைதான்.

மூன்றாவது, வெளியிலிருந்து கொடுக்கும் கதிரால் நோயாளியின் உடம்பில் கதிர் தங்குவதில்லை. அறையை விட்டு வெளியே வந்த உடனேயே அவர் பேரப்பிள்ளையைத் தூக்கலாம். தட்டு, கோப்பையை வேறாக்கி, மூலையறையில் படுக்க வைத்து ஒரு தாயை உடைந்துபோகச் செய்வதற்கு எந்த விஞ்ஞானமும் இல்லை. தைரொயிட் புற்றுநோய்க்குக் குடிக்கக் கொடுக்கும் அயடீன்-131 வேறு. அதற்குச் சில நாட்கள் ஒதுங்கியிருக்கச் சொல்வார்கள். அதைக் கடைப்பிடிக்க வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டதால் வந்த பயம்தான் இது.

நமது சமூகம் புற்றுநோயாளருக்காகக் கையைச் சுருக்கியதில்லை. மஹரகமவுக்கு பெட் ஸ்கேன் இயந்திரம் வாங்க 20 கோடி ரூபா திரட்ட வேண்டும் என்று 2016 இல் ஒரு முஸ்லிம் வர்த்தகர் முன்வந்தபோது இன, மத பேதமின்றி நாடே சேர்ந்துகொண்டது. தூர ஊர்களிலிருந்து வருபவர்களுக்குத் தங்குமிடமும் சாப்பாடும் கொடுக்கும் அமைப்புகளை நாம் அறிவோம். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்கட்டும். ஆனால் இயந்திரம் கண்ணுக்குத் தெரிகிறது. ரிபன் வெட்டலாம், படம் எடுக்கலாம். தண்ணீர்த் தொட்டிக்கும் அயனாக்கல் அறைக்கும் யாரும் ரிபன் வெட்டுவதில்லை. ஓர் இயந்திரத்துக்கு நன்கொடை கொடுக்கும்போது அதை அளக்கும் கருவி அதனுடன் வருகிறதா, அளப்பதற்கு ஆள் இருக்கிறாரா என்று கேட்பது நன்கொடையாளரின் உரிமை. அப்படிக் கேட்பதை நான் இன்னும் அதிகம் காணவில்லை.

ஆள் என்றதும் இன்னொன்று. ஒவ்வொரு வருடமும் உயர்தரப் பெறுபேறு வந்ததும், மருத்துவ பீடத்துக்கு இசட் புள்ளி கொஞ்சம் போதவில்லை என்று மரண வீடு போலாகும் வீடுகள் நமது ஊர்களில் இருக்கின்றன. கணிதப் பிரிவுப் பிள்ளையென்றால் பொறியியல் பீடம், இல்லாவிட்டால் ஒன்றுமே இல்லை. இப்னுல் ஹைதம் ஒளியை ஆராய்ந்தார் என்று வருடாவருடம் கட்டுரை எழுதுகிறோம், நமது பெண்பிள்ளை விஞ்ஞான பீடத்தில் பௌதிகவியல் சிறப்புப் பட்டம் படிக்கப் போகிறாள் என்றால் “அதப் படிச்சி டீச்சராத்தானே வரணும்?” என்று கேட்கிறோம். (டீச்சர் வேலையில் என்ன குறை என்பது வேறு விடயம்.) விஞ்ஞானப் பட்டத்துக்குப் பிறகு மருத்துவ பௌதிகவியலில் முதுமாணி செய்ய பேராதனையிலும் கொழும்பிலும் பல்கலைக்கழக வாய்ப்பு இருக்கிறது. அதற்குப் பிறகு வைத்தியசாலையில் அனுபவமுள்ள ஒருவருக்குக் கீழே நீண்ட பயிற்சி. மஹரகமவிலோ தெல்லிப்பளையிலோ கராப்பிட்டியவிலோ ஒரு கணினிக்கு முன்னால் இருந்து 70, 45, 26 என்ற எண்களோடு மல்லுக்கட்ட வேண்டியவர்கள் அந்த வழியால்தான் வர வேண்டும். உங்கள் பிள்ளை பௌதிகவியலில் கெட்டியென்றால், விண்ணப்பப் படிவம் நிரப்பும் காலத்தில் இந்த வழியையும் அவளுக்குச் சொல்லி வையுங்கள்.